கண்ணும் கையும் கருத்தும்: தாப்பியோ விர்க்கலாவின் கண்ணாடிக் கலை

கவிஞன் ஒருவனின் பாடல்கள் அனைத்தையும் ஒரே நூலாகத் தொகுத்துப் படிக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அவனே உரியவன் என்று கொள்வதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஏட்டைப் பெயர்த்து எழுதியவரும் அச்சுக் கோத்தவரும் ஆங்காங்கே பிழை செய்திருக்கலாம்; ஆயினும் பாடலைச் செய்தவர்கள் அவர்கள் அல்லர். கண்ணாடிக் கலைஞன் ஒருவனின் வாழ்நாட் பணியைத் திரட்டிக் காட்டும் அருங்காட்சியகத்துக்கு இந்த எளிமை வாய்ப்பதில்லை. வடிவத்தை வரைந்தவர் ஒருவர். அச்சைச் செதுக்கியவர் ஒருவர். உலைவாயில் நின்று ஊதியவர் வேறொருவர். ஆறிய கண்ணாடியைச் சாணைச் சக்கரத்தில் வைத்துக் கோடு கீறியவர் இன்னொருவர். பேழையின் பக்கத்தில் உள்ள பெயரட்டையிலோ பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும்.

2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில், பின்னர் வடிவமைப்பு அருங்காட்சியகம் என்று பெயர்பெற்ற நிலையத்தில், தாப்பியோ விர்க்கலாவின் பணிகளை மீள்நோக்கும் பெருங் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. 'கண், கை, கருத்து' என்பது அதற்கு இட்ட பெயர். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அவருடைய கண்ணாடி, மரம், உலோகம், பீங்கான் வேலைகளை ஒருசேர நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பை அது நல்கியது. அதன்பின்னும் விர்க்கலாவைப் பற்றிய கண்காட்சிகள் பல நடந்துள்ளன. 2025ஆம் ஆண்டில் தோக்கியோ தொடர்வண்டி நிலையத்தின் பழைய செங்கற் கட்டடத்துள் அமைந்த கலைக்கூடத்தில், ஏறத்தாழ 300 பொருள்கள் வைக்கப்பட்டன. எனினும் 2000ஆம் ஆண்டுக் கண்காட்சியின் தலைப்பே இவை அனைத்துக்கும் திறவுகோல் எனலாம். அம்மூன்று சொற்களுள் கண்ணும் கருத்தும் யாருடையவை என்பதில் ஐயம் இல்லை. கை யாருடையது என்பதே வினா.

விர்க்கலா 1915ஆம் ஆண்டு ஹாங்கோ என்னும் தென்கோடித் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் இடுகாடுகளையும் கல்லறைச் சின்னங்களையும் வடிவமைத்தவர். தாயார் மரம் செதுக்குவதில் வல்லவர். 1933 முதல் 1936 வரை ஹெல்சிங்கியில் இருந்த நடுவண் கலைத்தொழிற் பள்ளியில் அலங்காரச் சிற்பம் பயின்றார். விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தார்; போர் வந்தபோது படையில் சேர்ந்தார். போர் முடிந்த 1945இல் ரூத் பிரூக் என்னும் மட்கலக் கலைஞரை மணந்தார். கண்ணாடித் தொழிற்சாலைக்குள் அவர் அடி எடுத்து வைக்கும்போது அகவை முப்பதைத் தாண்டிவிட்டது. சிற்பியாகப் பயின்றவர் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். அவர் வரைதாளில் தொடங்கியவர் அல்லர், உளியில் தொடங்கியவர்.

ஈத்தலா என்னும் சிற்றூரில் 1881ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கண்ணாடித் தொழிற்சாலை, 1946இல் ஒரு போட்டியை அறிவித்தது. அதில் விர்க்கலா பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு பெற்ற மற்றொருவர் காய் ஃபிராங்க். இவ்விருவரும் பின்னாளில் எதிரெதிர்த் திசைகளில் சென்றனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

அவ்வாண்டே விர்க்கலா படைத்த பூச்சாடி 'காந்தரெல்லி'. மழைக்குப் பின் பின்லாந்துக் காடுகளில் முளைக்கும் மஞ்சள்நிறக் காளானின் பெயர் அது. அந்நாட்டு மக்கள் கூடை எடுத்துச் சென்று அதனைப் பறிப்பது கோடைகால வழக்கம்; எனவே பெயரைக் கேட்ட அளவில் எவருக்கும் உருவம் விளங்கிவிடும். குறுகிய அடியிலிருந்து மெல்ல விரிந்து, விளிம்பில் அலைபோல் புரண்டு வெளியே மடியும் தெளிந்த கண்ணாடி. அடியிலிருந்து விளிம்புவரை மயிரிழை போன்ற கோடுகள் நெருக்கமாகக் கீறப்பட்டுள்ளன. காளானின் அடிப்புறத்து மடல்களை அவை நினைவூட்டும் என்பது எளிதில் சொல்லக்கூடிய விளக்கம். அவ்வளவில் நிறுத்தினால் அது வெறும் ஒப்புமை விளையாட்டாகிவிடும்.

அக்கோடுகள் செய்யும் வேலை வேறு. தெளிந்த கண்ணாடிக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு: கண் அதன் மேற்பரப்பில் நில்லாது ஊடுருவிப் போய்விடும். எங்கே வளைகிறது, எங்கே மெலிகிறது என்பதைக் காட்ட அதற்கு நிழலே இல்லை. கோடுகள் அந்த நிழலை அளிக்கின்றன. அவை அடியில் நெருங்கி, விளிம்பில் விலகி, வளைவுக்கேற்ப வளைந்து செல்வதால்தான் அந்த உருவம் கண்ணுக்குப் புலப்படுகிறது. அணியாகச் சேர்க்கப்பட்டவை அல்ல அவை. நீக்கிவிட்டால் சாடி அழகு குறைவதோடு நில்லாது; காணாமலே போகும். செய்யுளில் அணி எங்கே உறுப்பாகிறது, எங்கே ஒட்டாகிறது என்று விளக்க முற்படும் ஆசிரியருக்கு இதனினும் தெளிவான சான்று கிட்டுவது அரிது.

ஆனால், அந்தச் சாடியின் பிறப்பை நோக்கினால் தலைப்பிலுள்ள 'கை' சிக்கலாகிறது. மணலும் சோடாவும் சுண்ணமும் கலந்த கலவை 1,400 பாகைச் செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிக் குழம்பாகிறது. ஊதுகுழலின் நுனியில் அதனைச் சுருட்டி எடுத்து ஊதுபவர், அது இறுகுமுன் சில நொடிகளில் விளிம்பை விரித்தாக வேண்டும். விரித்தல் ஒரு கணம் தாமதித்தால் கண்ணாடி மடங்காது; முந்தினால் தொங்கிவிடும். அதன்பின் நெடுநேரம் படிப்படியாக ஆறவைத்து, கோடு கீறுபவரிடம் தருகின்றனர். அவர் கை ஒருமுறை நடுங்கினால் அத்தனை பேர் உழைப்பும் வீண். முதலில் உருவான காந்தரெல்லியின் அலை விளிம்பு கடினமானது. அதனால் சிறு எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டது. பின்னர்ப் பலவாகச் செய்யத்தக்க எளிய வடிவம் வந்தது. அந்த மாற்றத்தை உலைவாயிலே நின்றவரின் மூச்சும் கையும் விதித்தன. கலைஞரின் கருத்து அதற்கு இணங்கியது. அடியில் வைரமுனையால் கீறப்பட்ட எழுத்துகளோ 'தாப்பியோ விர்க்கலா – ஈத்தலா' என்று மட்டும் சொல்கின்றன.

1951ஆம் ஆண்டு மிலான் நகரில் நடைபெற்ற மூவாண்டுக் கண்காட்சியில் விர்க்கலா மூன்று பெரும்பரிசுகளை வென்றார்: கண்ணாடிக்கு ஒன்று, மரவேலைக்கு ஒன்று, பின்லாந்துப் பகுதியை அமைத்த திறத்துக்கு ஒன்று. 1954இல் மீண்டும் மூன்று. போரில் நிலம் இழந்து, சோவியத் ஒன்றியத்துக்கு இழப்பீடு செலுத்த நேர்ந்த ஒரு சிறு நாட்டுக்கு அப்பரிசுகள் வெறும் பதக்கங்கள் அல்ல. உலகம் பின்லாந்தை வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்கியது. பொருள்களை விற்பதற்குக் கலைஞரின் பெயர் துணைசெய்யும் என்பதைத் தொழிற்சாலைகளும் கண்டுகொண்டன. விர்க்கலா என்னும் பெயர் ஒரு மனிதருடையதாக மட்டும் இராமல் ஒரு நாட்டின் முத்திரையாக மாறியது இவ்வாறுதான். அவர் வரைந்த பணத்தாள்கள் 1955இல் புழக்கத்துக்கு வந்தன என்பதை எண்ணினால், முத்திரை என்னும் சொல் உவமையாகவும் தோன்றாது.

கத்தி, வெள்ளிப் பாத்திரம், விளக்கு, பீங்கான், மது நிரப்பும் போத்தல் என அவர் தொட்டவை பல. அவற்றை வரிசைப்படுத்துவது விலைப்பட்டியல் எழுதுவதற்கு ஒப்பாகும். நின்று நோக்கவேண்டியது பனிக்கட்டி.

பனிக்கட்டியைக் குளிர்பதனப் பெட்டியிலும் பானக் கடையிலும் மட்டுமே கண்டு பழகிய வெப்பமண்டல வாசகருக்கு இதனை விளக்குவது சற்றுக் கடினம். நம் மரபின் ஐந்திணையில் முன்பனியும் பின்பனியும் பொழுதுகளாக உள்ளன. உறைந்த ஏரிக்கு அங்கே இடமில்லை. பின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் அதுவே நிலம், அதுவே பொழுது. அங்கே இனாரி வட்டாரத்தில் ஒதுக்கிடத்தில் குடில் அமைத்து, ஆண்டுதோறும் குடும்பத்தோடு சென்று தங்கினார் விர்க்கலா. 1950இல் 'பனிமலை' என்னும் சாடி. 1960இல் 'பாதார் ஏரியின் பனிக்கட்டி'. 1968இல் 'அல்திமா தூலே' என்னும் குவளை வரிசை. 'உலகின் கடைக்கோடி நிலம்' என்று பொருள்படும் இப்பழைய இலத்தீன் பெயரை அதற்கு முந்தைய ஆண்டே அவர் வேறொரு படைப்புக்குச் சூட்டியிருந்தார். 1967ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உலகப் பொருட்காட்சிக்காக ஒட்டுப்பலகையில் செதுக்கிய ஒன்பது மீட்டர் நீளப் புடைப்புச் சிற்பம் அது.

கண்ணாடி பனிக்கட்டியைப் போல் இருக்கிறது என்பது பாராட்டாகாது. சந்தையில் பளபளக்கும் மலிவான கண்ணாடியும் பனிக்கட்டி போலத்தான் இருக்கும். இரண்டும் உண்மையில் மாறுபட்ட இயல்பின. பனிக்கட்டி ஒழுங்கான அடுக்குகளால் ஆன படிகம். கண்ணாடியோ, நீர்மம் தன் ஒழுங்கின்மையைக் கைவிடாமலே இறுகிப் போன பொருள். 1950இன் சாடி பனிக்கட்டியை ஒரு பொருளாக, அசையாத மலையாக எடுத்துக்கொண்டது. 1968இன் குவளை அவ்வாறன்று. அதன் புறத்தே வழியும் கோடுகளும் புடைப்புகளும், அடியில் சொட்டுகள் போல் முடியும் சிறு கால்களும் பனியைக் காட்டவில்லை. பனி உருகுதலைக் காட்டுகின்றன. பனிக்கட்டி நீராகும் கணமும் கண்ணாடிக் குழம்பு கல்லாகும் கணமும் எதிரெதிரே வந்து ஓரிடத்தில் சந்திக்கின்றன. பதினெட்டு ஆண்டுகளில் கலைஞரின் கண் பொருளிலிருந்து நிகழ்ச்சிக்கு நகர்ந்திருக்கிறது. முதல் நோக்கு ஓவியனுடையது, இரண்டாவது கவிஞனுடையது. வாழ்நாட் பணியை வரிசையாக வைத்தால்தான் இத்தகைய வளர்ச்சி புலப்படும். மீள்நோக்குக் கண்காட்சியின் முதற்பயன் இது.

அந்த உருகுதலைச் செய்தவர் யார்? அச்சின் உட்புறத்தைக் காரீயக்கரியில் விர்க்கலா தம் கையாலேயே செதுக்கினார் என்பர். சிற்பியின் உளி கண்ணாடியைத் தொட்ட இடம் அதுவே; நேரில் அன்று, எதிர்ப்படிவமாக. ஆனால் அச்சுக்குள் கண்ணாடியை எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் ஊதினால் அந்த மேற்பரப்பு விளையும் என்று கண்டறிய ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு தேவைப்பட்டது என்று தொழிற்சாலையே கூறுகிறது. அந்த மணிநேரங்கள் விர்க்கலாவுடையவை மட்டும் அல்ல. ஊதுகுழலைப் பிடித்தவர் அவர் அல்லர். அமெரிக்காவில் இதற்கு ஒரு மாற்று வழி தோன்றியது. 1962இல் தொலீடோ நகர அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்கிலிருந்து, கலைஞரே சிற்றுலை வைத்துத் தாமே ஊதும் இயக்கம் வளர்ந்தது. கை யாருடையது என்னும் வினாவை அது ஒரேயடியாகத் தீர்த்தது போல் தோன்றும். தீர்க்கவில்லை, வினாவையே தவிர்த்தது. ஒரு தலைமுறை முழுதும் உலைவாயில் நின்று பழகிய கைகள் இன்றி 'அல்திமா தூலே' பிறந்திருக்காது. தனியொரு கலைஞர் எத்துணை முயன்றாலும் அத்தகைய பழக்கத்தை ஓராண்டில் ஈட்ட இயலாது.

இதற்கு மறுக்கவொண்ணாத சான்று இத்தாலியில் உள்ளது. 1960களில் விர்க்கலா வெனிசு நகருக்கு அருகிலுள்ள முரானோத் தீவின் வெனினி தொழிற்சாலைக்கு வடிவங்கள் செய்தார். 1966ஆம் ஆண்டளவில் உருவான 'பொல்லே' போத்தல்கள் அங்கே பிறந்தவை. இரண்டு வெவ்வேறு நிறக் கண்ணாடிகளைத் தனித்தனியே ஊதி, இரண்டும் சூடாக இருக்கும்போதே விளிம்போடு விளிம்பு பொருத்தி ஒன்றாக்குவது முரானோ ஊதுநரின் பழந்திறன். இரு வட்டங்களும் இம்மியும் பிசகாது ஒத்திருக்க வேண்டும். அப்போத்தல்களைப் பார்ப்பவர் முதலில் ஐயுறுவர்: ஈத்தலாவின் கனத்த, நிறமற்ற, குளிர்ந்த பனியைச் செய்தவர் இவரா? இவை மெல்லியவை, நிறம் கொண்டவை, குமிழிபோல் இலேசானவை. கண் அதே கண். கருத்தும் அதே கருத்து. மாறியது கை ஒன்றுதான். கை மாறியதும் கலை மாறிவிட்டது. அப்படியாயின், அந்தக் கையைப் பொருளின் ஆக்கியோருள் ஒருவராகக் கொள்ளாதிருக்க எந்த நியாயம் உண்டு? ஈத்தலாப் பொருள்களையும் முரானோப் பொருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் எந்தக் கண்காட்சியும் இவ்வினாவை எழுப்பியே தீரும். பெயரட்டைகள் அதனை எழுப்பாவிட்டாலும் பொருள்கள் எழுப்பும்.

காய் ஃபிராங்க் இவ்வினாவுக்கு மறுகோடியில் நின்று விடை சொன்னவர். 1911இல் பிறந்து 1989இல் மறைந்த அவர், நூத்தயார்வித் தொழிற்சாலையில் கண்ணாடிக் கலையை வழிநடத்தினார். 1950களில் எளிய வீட்டுப் பாத்திரங்களால் பின்லாந்துச் சமையலறைகளை மாற்றினார். அன்றாடப் பொருளை அதன் பயனுக்காக மக்கள் வாங்க வேண்டுமே அன்றி வரைந்தவர் பெயருக்காக வாங்கக் கூடாது என்று 1960களில் வாதிட்டார். பலர் சேர்ந்து செய்ததற்கு ஒருவர் பெயரை இடுவது முறையன்று என்பது அவர் நிலை. நேர்மையான நிலைதான். ஆயினும், பெயரை நீக்கிவிட்டால் ஊதியவருக்குப் புகழ் வந்து சேர்வதில்லை. இருவரும் மறக்கப்படுவர், நிறுவனத்தின் பெயர் மட்டும் எஞ்சும். காய் ஃபிராங்கின் அடக்கம் பாராட்டத்தக்கது, தீர்வென்று ஏற்கத்தக்கதன்று. வரலாறு வேறு அவரை எள்ளியது: பெயர் வேண்டா என்றவரின் பெயரும் இன்று விர்க்கலாவின் பெயருக்கு நிகராகவே விற்பனைக்கு உதவுகிறது.

மரவேலையில் விர்க்கலாவின் நிலை சற்று வேறுபட்டது. விமானம் கட்டப் பயன்படும் மெல்லிய ஒட்டுப்பலகை அடுக்குகளைச் செறித்து ஒட்டி, இலை வடிவத் தட்டாகக் குடைந்தெடுத்தார். குடையக் குடைய அடுக்குகளின் விளிம்புகளே இலையின் நரம்புகளாகத் தோன்றின. 1951இல் அமெரிக்க இதழ் ஒன்று அத்தட்டினை அவ்வாண்டின் மிக அழகிய பொருள் என அறிவித்தது. இங்கே அவர் உளியின் இயல்பை அறிந்த கையோடு சிந்தித்திருப்பது தெற்றென விளங்கும். காந்தரெல்லியின் கோடுகளும் இலைத்தட்டின் நரம்புகளும் ஒரே தேடலின் இருமுகங்கள்: பொருளுக்குள் உறங்கும் கோட்டினை வெளியே கொணர்தல். கண்ணாடியில் அக்கோட்டினைப் பிறர் கையால் இடுவித்தார். மரத்தில் அதனைப் பொருளே தந்தது. இவ்விரண்டையும் ஒரே பேழையில் வைக்கத் துணிந்தால் ஒருபக்கம் எழுதும் விளக்கக் குறிப்பு தேவையில்லை.

ஹெல்சிங்கிக்கு அடுத்த எஸ்போ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2017ஆம் ஆண்டு முதல் வேறொரு முறை கையாளப்படுகிறது. முன்னர் அச்சகமாக இருந்த அக்கட்டடத்தில், விர்க்கலாவும் ரூத் பிரூக்கும் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான பொருள்களுள் பலவற்றைத் திறந்த கிடங்குபோல் அடுக்கிக் காட்டுகின்றனர். முடிந்த படைப்புகளுக்கு அருகே வரைவுகளும் மாதிரிகளும் முன்முயற்சிகளும் உள்ளன. மீள்நோக்குக் கண்காட்சி முடிந்ததை மட்டும் மெருகேற்றி நிறுத்தும். கிடங்கு முடியாததையும் மறைப்பதில்லை. திருத்தங்களோடு கூடிய கையெழுத்துப் படியைப் புலவரின் அச்சிட்ட நூலோடு வைத்துப் பார்ப்பதற்கு நிகர் இது. மேலும், கணவரின் கண்ணாடியும் மனைவியின் மட்கல ஓடுகளும் ஒரே இடத்தில் நிற்பதால், 'மேதை தனித்து நின்றார்' என்னும் பழங்கதை அங்கே வலுவிழக்கிறது. ரூத் பிரூக்கின் நிறச் செறிவைப் பார்த்தபின் முரானோப் போத்தல்களின் நிறம் அவ்வளவு வியப்பளிப்பதில்லை. அவரிடமிருந்து கற்றார் என்று உறுதிபடக் கூறத் துணிவது மிகை. ஒரே வீட்டில் நாற்பதாண்டு வாழ்ந்த இரு கண்கள் ஒன்றையொன்று பாராதிருந்தன என்பதும் மிகையே.

அங்கும் ஊதியவர் பெயர் குறைவாகவே காணப்படும் நிலை மாறவில்லை. தொழிற்சாலை ஏடுகளைத் துருவினால் பெயர்கள் பல கிட்டக்கூடும். அதற்கான காலம் கடந்துகொண்டிருக்கிறது. நூத்தயார்வித் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. அங்கு நடந்த வேலை ஈத்தலாவுக்கு மாற்றப்பட்டது. உலை அணைந்தபின் ஏடுகள் எஞ்சலாம். எந்தச் சாடியை எந்தக் கை விரித்தது என்று சொல்லத்தக்க நினைவுகள் எஞ்சுவதில்லை. அடுத்த பெருங் கண்காட்சியை அமைப்போர் பேழைகளின் ஒளியமைப்புக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டால் விர்க்கலாவின் பெருமை குன்றாது. அவர் கருத்து எத்துணைக் கடினமானது என்பதை உணர்த்த, அதனை நிறைவேற்றியவரின் திறனைக் காட்டுவதைவிட நல்ல வழி வேறில்லை.

'அல்திமா தூலே' குவளைகள் விற்பனையிலிருந்து நீங்கவே இல்லை. 1969இல் பின்லாந்து விமான நிறுவனம் நியூயார்க்குப் பயணத்தில் அவற்றில் பானம் வழங்கத் தொடங்கியது. அக்குவளையின் அடியில் வைரமுனைக் கையொப்பம் இல்லை. 2024ஆம் ஆண்டுவரை, கண்ணாடியின்மேல் ஒட்டிய சிறு சிவப்பு வட்டத்தில் தொழிற்சாலையின் முதலெழுத்து மட்டும் வெள்ளையாக இருந்தது. பின்லாந்தில் சிலர் கழுவும்போது அது உரிந்துவிடாமல் காப்பதுண்டு. விமானத்தில் அதுவும் இராது. பயணி குடித்து முடிக்கிறார்; விரல்களுக்கு அந்த வழிந்த கோடுகள் தெரிகின்றன; பணியாளர் வந்து குவளையை எடுத்துச் செல்கிறார்.